சரியான கடவுச்சொல்லைத் தவறு என்கிறது கணினி: ஜிமெயிலைச் சேர்க்க எந்த வழி யாருக்கு?

கைபேசியில் அதே கடவுச்சொல் வேலை செய்கிறது. உலாவியிலும் வேலை செய்கிறது. கணினியில் மின்னஞ்சல் படிக்க உதவும் தண்டர்பேர்டு, அவுட்லுக் போன்ற மென்பொருளில் கணக்கைச் சேர்க்கப் போனால் மட்டும் ‘கடவுச்சொல் தவறு’ என்று அதே பெட்டி மறுபடி மறுபடி எட்டிப் பார்க்கிறது. கேப்ஸ் லாக்கைப் பார்த்தாயிற்று, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பார்த்தாயிற்று, கடைசியில் கடவுச்சொல்லையே மாற்றியும் பார்த்தாயிற்று. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். கடவுச்சொல்லை மாற்றியதால் அதற்குள் கைபேசியும் கணக்கிலிருந்து வெளியேறியிருக்கலாம். அப்போது ஒரு வேலை இரண்டு வேலையாகியிருக்கும்.

“ஒரு காணொளியில் ஆப் பாஸ்வேர்டு எடுக்கச் சொல்கிறார்கள். இன்னொன்றில் ஓஆத் என்று மாற்றச் சொல்கிறார்கள். பையன் புதிய அவுட்லுக்கைப் போட்டுக்கொள் என்கிறான். எதைத்தான் செய்வது?” என்பார்கள். மூன்றாலும் கடிதம் வந்து சேரும். ஆனால் ஒவ்வொன்றும் உங்களிடம் வாங்கிக்கொள்ளும் விலை வேறு, அடுத்த முறை உடையும் இடமும் வேறு. ஜிமெயிலை வைத்தே பேசுகிறேன். மற்ற நிறுவனங்களின் கணக்கு வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் சில வரிகள் உண்டு.

## கதவு எப்போது மாறியது

பழைய முறையில் கணக்கின் கடவுச்சொல்லை மென்பொருளிடமே கொடுத்துவிடுவோம். அது ஒவ்வொரு முறையும் அதைச் சர்வரிடம் காட்டிக் கடிதங்களை வாங்கி வரும். தனிநபர் கணக்குகளுக்கு இந்த வழியைக் கூகுள் 2022 மே 30 அன்று அடைத்தது. நிறுவனங்களுக்கான கணக்குகளில் அது 2025இல் முடிவுக்கு வந்தது. ஆகவே நீங்கள் தட்டுவது சரியான கடவுச்சொல்தான். அதை அந்த வாசலில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

பழைய காணொளிகள் இன்னமும் இரண்டு யோசனைகளைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன: ‘பாதுகாப்பு குறைந்த செயலிகளை அனுமதி’ என்ற பொத்தானைத் தேடுங்கள், ஜிமெயில் அமைப்பில் ஐமேப்பை (மென்பொருள் சர்வரிலிருந்து கடிதங்களை வாங்கும் முறை) இயக்குங்கள். முதல் பொத்தான் இப்போது கிடையாது. இரண்டாவதும் 2025 ஜனவரியிலிருந்து தனிநபர் கணக்குகளில் இல்லை, ஐமேப் எப்போதும் இயங்கும் நிலையிலேயே இருக்கிறது. இல்லாத பொத்தானைத் தேடி ஒரு பிற்பகலைத் தொலைக்க வேண்டாம்.

## எதை வைத்து எடைபோடுவது

எந்த வழி எளிது என்று மட்டும் கேட்டால் தவறான விடைதான் கிடைக்கும், ஏனென்றால் முதல் நாளில் எல்லாமே பத்து நிமிட வேலை. நான் பார்ப்பவை ஐந்து.

ஒன்று, இருக்கிற கணினியிலும் மென்பொருளிலும் அது ஓடுமா. இரண்டு, நாம் கொடுக்கும் அனுமதி பிறர் கையில் சிக்கினால் என்ன ஆகும். மூன்று, அடுத்து எப்போது உடையும், உடைந்தால் அந்த நாற்காலியில் இருப்பவரால் தானே சரிசெய்ய முடியுமா. நான்கு, கடிதங்களின் நகல் எங்கெல்லாம் போய்ச் சேருகிறது. ஐந்து, ஒருவருக்கு மேற்பட்டவர்கள் உட்காரும் கணினியா.

மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

## தேர்வுக்கு முன் பிழைச் செய்தியைப் படியுங்கள்

எல்லோரும் ‘உள்ளே விடவில்லை’ என்று மட்டும் சொல்வார்கள். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்தால் பாதி வழி தெரிந்துவிடும். கடிதம் அனுப்பும்போது 534, 5.7.9 என்ற எண்களோடு ‘அப்ளிகேஷன் ஸ்பெசிஃபிக் பாஸ்வேர்டு’ (வழி 2இல் வரும் ஆப் பாஸ்வேர்டுதான் இது) தேவை என்று வந்தால், சாதாரணக் கடவுச்சொல்லோடு வந்திருக்கிறீர்கள் என்று பொருள். 535, 5.7.8 என்றால் கொடுத்த பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்படவில்லை. ஆப் பாஸ்வேர்டைத் தவறாக ஒட்டியிருந்தாலும், அது ரத்தாகியிருந்தாலும் இதுதான் வரும்.

சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் நம்பகமானதல்ல என்று வந்தால் அது உள்நுழைவுச் சிக்கலே அல்ல. கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பழைய ஆண்டுக்குப் போய்விடும் கணினிகள் நம் ஊர் அலுவலகங்களில் ஏராளம். தேதி சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் வைரஸ் தடுப்பு மென்பொருளின் மின்னஞ்சல் சோதனை. அது நடுவில் புகுந்து தன் சான்றிதழை நீட்டும்.

இணைப்பே கிடைக்கவில்லை என்றால் போர்ட் எண்ணைப் பாருங்கள். கடிதம் வாங்க ஐமேப் 993, அனுப்ப 465 அல்லது 587. இவை எல்லாம் சரி, அப்படியும் கடவுச்சொல்தான் மறுக்கப்படுகிறது என்றால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

## வழி 1: உலாவிச் சாளரத்தில் அனுமதி தருவது

இதைத்தான் அமைப்புப் பெட்டிகளில் ஓஆத்2 என்று எழுதியிருப்பார்கள். கடவுச்சொல்லைத் தண்டர்பேர்டிடம் தருவதில்லை. கூகுளின் உள்நுழைவுப் பக்கம் ஒரு சாளரத்தில் திறக்கும், அங்கே கூகுளிடமே தருகிறோம், கூகுள் தண்டர்பேர்டுக்கு ஓர் அனுமதிச் சீட்டை வழங்குகிறது. ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் ஒருவரிடம் கொடுத்தனுப்புவது பழைய முறை என்றால், இது அவர் பெயர் எழுதிய காசோலை. வேறொருவர் கையில் கிடைத்தால் எளிதில் மாற்ற முடியாது, வேண்டாமென்றால் அதை மட்டும் நிறுத்திவிடலாம்.

ஓடுமா? தண்டர்பேர்டு 2015இல் வந்த 38ஆம் பதிப்பிலிருந்தே ஜிமெயிலுக்கு இதைச் செய்கிறது. அவுட்லுக்கில் மைக்ரோசாஃப்ட் 365 உடன் வருவதும் 2019, 2021 பதிப்புகளும் செய்யும். அவுட்லுக்கில் ஒரு பொறி உண்டு. ‘நானே கைமுறையாக அமைக்கிறேன்’ என்று போய் ஐமேப்பைத் தேர்ந்தெடுத்தால் கூகுளின் சாளரம் வராது, வெறும் கடவுச்சொல் பெட்டிதான் வரும். கணினி தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள். மின்னஞ்சல் முகவரியை மட்டும் தட்டிவிட்டு, மற்றதை அதன் போக்கில் விடுவதே நல்லது.

எங்கே சிக்கும்? முதல் இடம், அனுமதி கேட்கும் பக்கம். உங்கள் ஜிமெயில் கடிதங்கள் அனைத்தையும் படிக்கவும் எழுதவும் அனுப்பவும் நிரந்தரமாக நீக்கவும் இந்தச் செயலி அனுமதி கேட்கிறது என்று அதில் இருக்கும். அதைப் படித்துப் பயந்து ‘ரத்து’ அழுத்தியவர்கள் பலரை எனக்குத் தெரியும். பயம் நியாயமானதுதான், முன்பின் தெரியாத செயலி கேட்டால் அழுத்தவே கூடாது. ஆனால் ஒரு மின்னஞ்சல் மென்பொருளின் வேலையே படிப்பதும் எழுதுவதும் நீக்குவதும் என்பதால் அது வேறு எதைத்தான் கேட்கும்? பக்கத்தில் தனித்தனி டிக் பெட்டிகள் இருந்தால், மின்னஞ்சலுக்கானதை டிக் செய்யாமல் ‘தொடர்க’ அழுத்திவிட்டு ஏன் வரவில்லை என்று விழிப்பதும் உண்டு.

இரண்டாவது இடம் குக்கீ, அதாவது வலைத்தளங்கள் நம் கணினியில் சேமித்துவைக்கும் சிறு குறிப்பு. தண்டர்பேர்டின் தனியுரிமை அமைப்பில் குக்கீகளை முழுவதுமாகத் தடுத்திருந்தால் உள்நுழைவுச் சாளரம் தன் வேலையை முடிக்க முடியாமல் திணறும். வலைத்தளங்களின் குக்கீகளை ஏற்கலாம் என்று மாற்றினால் போதும்.

மூன்றாவதில் நானே விழுந்திருக்கிறேன். ஏற்கெனவே இருக்கும் கணக்கை ஓஆத்2க்கு மாற்றும்போது, கடிதம் வாங்கும் சர்வரில் மட்டும் மாற்றிவிட்டு எழுந்துவிட்டேன். கடிதங்கள் கொட்டின. மறுநாள் காலை ‘எதுவும் போகவில்லை’ என்று தொலைபேசி வந்தது. அனுப்பும் சர்வருக்குத் தனி அமைப்பு இருக்கிறது, அங்கே அது இன்னும் ‘சாதாரணக் கடவுச்சொல்’ என்றே நின்றிருந்தது. இரண்டு இடத்திலும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன், சேமித்த கடவுச்சொற்களின் பட்டியலிலிருந்து பழைய ஜிமெயில் பதிவுகளை நீக்குங்கள். பிறகு மென்பொருளை மூடித் திறந்தால் சாளரம் தானே வரும்.

மறைந்திருக்கும் விலை. கூகுள் கடவுச்சொல்லை மாற்றினால் இந்த அனுமதியும் காலாவதியாகும், மறுபடி சாளரத்தில் உள்ளே போக வேண்டும். ஆனால் அந்தச் சாளரம் தானாகவே எதிரே வந்து நிற்கும் என்பதால் வீட்டில் இருப்பவரே சமாளித்துவிடுவார். கல்லூரி, அலுவலகக் கணக்குகளில் மட்டும் கதை வேறு. அங்கே வெளிச் செயலிகளை நிர்வாகி தடுத்திருக்கலாம். அப்படியானால் உங்கள் கணினியில் என்ன மாற்றினாலும் பயனில்லை, அவரிடம்தான் கேட்க வேண்டும்.

## வழி 2: ஆப் பாஸ்வேர்டு

கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு, கைபேசிக்கு வரும் குறியீடு போன்ற இரண்டாவது சான்றையும் கேட்பது) இயக்கிய பிறகு, குறிப்பிட்ட மென்பொருளுக்கென்று 16 எழுத்துகள் கொண்ட தனிக் கடவுச்சொல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நான்கு நான்கு எழுத்துகளாகப் பிரித்துக் காட்டும். அதை மென்பொருளின் கடவுச்சொல் பெட்டியில் ஒட்டினால் பழைய முறையிலேயே வேலை நடக்கும்.

காணொளிகள் இதைத்தான் அதிகம் பரிந்துரைக்கின்றன, ஏனென்றால் எந்த மென்பொருளிலும் ஓடும். ஓஆத் தெரியாத பழைய அவுட்லுக், ஸ்கேன் செய்து நேராக மின்னஞ்சலில் அனுப்பும் ஜெராக்ஸ் கடை இயந்திரம், ரசீதை அனுப்பும் கணக்கு மென்பொருள் என்று உலாவிச் சாளரத்தைத் திறக்கவே தெரியாதவற்றுக்கு இதை விட்டால் வேறு வழி பெரும்பாலும் இல்லை. அந்த இடங்களில் நான் தயங்காமல் இதையே போடுகிறேன்.

மற்ற இடங்களில் தயங்குகிறேன். இருபடிச் சரிபார்ப்போடு சேர்ந்து வருவதால் இது கூடுதல் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. ஆப் பாஸ்வேர்டோடு வருபவரிடம் இரண்டாவது படி கேட்கப்படுவதே இல்லை. உருவாக்கும்போது ‘அலுவலகக் கணினி’ என்று நீங்கள் எழுதும் பெயர் உங்கள் நினைவுக்கு மட்டும்தான், அந்த 16 எழுத்துகள் எந்தக் கணினியிலிருந்து வந்தாலும் கதவு திறக்கும். வழி 1 பெயர் எழுதிய காசோலை என்றால் இது கையெழுத்துப் போட்டுப் பெயர் எழுதாமல் விட்டது. அதை மஞ்சள் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கே சிக்கும்? ஆப் பாஸ்வேர்டு பக்கத்தைக் கண்டுபிடிப்பதே முதல் சிக்கல். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் கண்ணில் படாது, கணக்கின் தேடல் பெட்டியில் அந்தப் பெயரைத் தட்டித்தான் போக வேண்டும். தேடியும் கிடைக்கவில்லையா? இருபடிச் சரிபார்ப்பு இயங்கவில்லை, அல்லது அதில் பாதுகாப்புச் சாவி என்ற சிறு கருவியை மட்டும் வைத்திருக்கிறீர்கள், அல்லது கூகுளின் உயர்பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறீர்கள், அல்லது அது நிறுவனக் கணக்கு. அந்த 16 எழுத்துகளும் ஒரு முறைதான் காட்டப்படும். தொலைந்தால் பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும்.

மறைந்திருக்கும் விலை. கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிய அந்தக் கணமே எடுத்த ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்து. இங்கே எந்தச் சாளரமும் வந்து வழிகாட்டாது. பழைய ‘கடவுச்சொல் தவறு’ பெட்டிதான் வரும். அப்போது பயனர் இயல்பாகவே தன் புதிய ஜிமெயில் கடவுச்சொல்லைத் தட்டுவார், மறுக்கப்படும், முதல் பத்தியில் சொன்ன கதை திரும்பத் தொடங்கும்.

இன்னொரு விலை இருபடிச் சரிபார்ப்பிலேயே இருக்கிறது. அப்பாவின் கணக்குக்கு வரும் சரிபார்ப்புக் குறியீடு சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனின் எண்ணுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் கூட்டத்தில் இருக்கும் நேரத்தில் அப்பாவால் தன் கணக்குக்குள் போக முடியாது. இதை இயக்கும்போதே கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு, வங்கிப் பாஸ்புத்தகம் இருக்கும் இடத்தில் வையுங்கள். ஆப் பாஸ்வேர்டு எடுப்பவர்களில் இதைச் செய்தவர் ஒருவரைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை.

## வழி 3: மென்பொருளையே மாற்றுவது

விண்டோஸ் 10இல் இருந்த ‘மெயில்’ செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31 அன்று முடிந்தது. அதைப் பயன்படுத்தியவர்களை மைக்ரோசாஃப்ட் தன் புதிய அவுட்லுக்குக்கு அழைத்துச் சென்றது. ஜிமெயிலைச் சேர்ப்பது அதில் உண்மையிலேயே எளிது: சாளரம் வரும், அனுமதி தருவோம், முடிந்தது. பையன் சொன்னது தவறல்ல.

ஆனால் நான்காவது அளவுகோலை இங்கே மறக்கக் கூடாது. பழைய அவுட்லுக்கிலும் தண்டர்பேர்டிலும் உங்கள் கணினி கூகுளின் சர்வரோடு நேராகப் பேசுகிறது. புதிய அவுட்லுக்கில் ஜிமெயிலைச் சேர்த்தால் உங்கள் கடிதங்களின் நகல் மைக்ரோசாஃப்டின் மேகச் சர்வர்களோடு ஒத்திசைக்கப்படுகிறது. சேர்க்கும்போதே ஓர் அறிவிப்பு அதைச் சொல்கிறது, நாம்தான் படிக்காமல் ‘தொடர்க’ அழுத்துகிறோம். வீட்டு மின்கட்டண ரசீதுகள் மட்டும் வரும் கணக்கென்றால் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. வாடிக்கையாளர்களின் வருமான வரிக் கோப்புகள் வரும் தணிக்கையாளர் என்றால், அந்த நகலுக்கு வாடிக்கையாளர் சம்மதம் தந்தாரா என்று ஒரு முறை யோசிக்க வேண்டும்.

தண்டர்பேர்டுக்கு மாறுபவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது, வேறொன்று எழும்: பழைய கடிதங்கள். கடிதங்களைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப் என்ற பழைய முறையில் பல ஆண்டுகளாக இறக்கியவை சர்வரில் இல்லாமல், பழைய அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பில் மட்டுமே இருக்கக்கூடும். மென்பொருளை நீக்குவதற்கு முன் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பிரதி எடுங்கள். புதிய மென்பொருள் நன்றாக ஓடத் தொடங்கி ஒரு மாதமாவது ஆகும் வரை பழையதை நீக்கவே வேண்டாம். விண்டோஸ் 7, 8.1 கணினிகளில் ஓடும் கடைசித் தண்டர்பேர்டு 115ஆம் பதிப்பு. அதிலும் ஓஆத் உண்டு என்பதால், கணினியை மாற்றப் பணம் இல்லாத அலுவலகத்துக்கு அது ஓர் இடைக்கால வழி.

## வழி 4: உலாவியே போதும் என்று விட்டுவிடுவது

ஒரே கணக்கு, நாளுக்கு ஐந்து கடிதம், எப்போதும் இணையம் இருக்கிறது என்றால் மேசை மென்பொருள் எதற்கு? உலாவியில் திறந்து வேலையை முடியுங்கள். பலர் மாறி மாறி உட்காரும் கணினியில் இதுவே சிறந்தது, எழும்போது வெளியேறிவிட்டால் எதுவும் தங்காது. பல கணக்குகளை ஒரே இடத்தில் பார்ப்பவர்களுக்கும், கடிதங்களின் நகல் தன் கணினியில் இருக்க வேண்டும் என்பவர்களுக்கும் இது சரிப்படாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | உலாவிச் சாளர அனுமதி | ஆப் பாஸ்வேர்டு | புதிய அவுட்லுக் | உலாவி மட்டும் |
|---|---|---|---|---|
| பழைய மென்பொருளில் ஓடுமா | பெரும்பாலும் ஓடாது | ஓடும் | பொருந்தாது | பொருந்தாது |
| பிறர் கையில் சிக்கினால் | அந்த அனுமதியை மட்டும் நிறுத்தலாம் | எந்தக் கணினியிலிருந்தும் கடிதங்களைத் திறக்கும் | அனுமதியை நிறுத்தலாம் | இருபடிச் சரிபார்ப்பு காக்கும் |
| கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் | சாளரம் வந்து கேட்கும் | காரணம் சொல்லாமல் நின்றுவிடும் | மறுபடி உள்நுழைய வேண்டும் | மறுபடி உள்நுழைய வேண்டும் |
| கடிதங்களின் நகல் | உங்கள் கணினி | உங்கள் கணினி | மைக்ரோசாஃப்ட் சர்வரிலும் | நகல் இல்லை |
| பலர் உட்காரும் கணினி | வேண்டாம் | கூடவே கூடாது | வேண்டாம் | ஏற்றது |

மென்பொருளுக்குத் தெரியுமானால் வழி 1தான் என் தேர்வு, இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆப் பாஸ்வேர்டை இயந்திரங்களுக்கென்று ஒதுக்கிவையுங்கள். அப்படி எடுக்கும்போதும் உங்கள் முதன்மைக் கணக்கில் எடுக்காமல், ஸ்கேன் அனுப்புவதற்கென்றே தனியாக ஒரு ஜிமெயில் கணக்கைத் தொடங்கி அதில் எடுத்தால், சீட்டு தொலைந்தாலும் போவது ஸ்கேன் படங்களோடு நின்றுவிடும்.

## ஜிமெயில் அல்லாதவர்களுக்கு

அவுட்லுக்.காம், ஹாட்மெயில் கணக்குகளில் தேர்வே இல்லை. 2024 செப்டம்பர் 16 முதல் வெறும் கடவுச்சொல்லால் உள்ளே போக முடியாது, ஓஆத் தெரிந்த மென்பொருள்தான் வேண்டும். ஐமேப்பும் பாப்பும் அங்கே இயல்பாக அணைந்திருக்கும், வலைத்தள அமைப்பில் போய் முதலில் இயக்குங்கள். ஆப்பிளின் ஐகிளவுட் கணக்கைத் தண்டர்பேர்டில் சேர்க்க ஆப் பாஸ்வேர்டுதான் வழி. புரோட்டான் மெயில் கடிதங்களை மேசை மென்பொருளில் பார்க்க ‘பிரிட்ஜ்’ என்ற இடைச் செயலி தேவை, அது கட்டணத் திட்டங்களில் மட்டுமே கிடைக்கும்.

நம் ஊரில் பலர் வைத்திருக்கும் சோஹோ மெயிலில் சிக்குவது பெரும்பாலும் சர்வர் பெயரில். இந்தியத் தரவு மையத்தில் உள்ள கணக்குகளுக்கு முகவரி ‘.இன்’ என்று முடியும் சர்வர், இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் இருப்பதோ ‘.காம்’. சொந்த டொமைன் வைத்திருக்கும் நிறுவனக் கணக்குகளுக்குச் சர்வர் பெயரில் ‘புரோ’ என்பதும் சேரும். பெயர் மாறினால் சரியான கடவுச்சொல்லும் தவறாகவே தெரியும். ஐமேப் அணுகலை அமைப்பில் இயக்கியிருக்க வேண்டும், இருபடிச் சரிபார்ப்பு இருந்தால் ஆப் பாஸ்வேர்டும் வேண்டும்.

## முடித்த பிறகு ஒரு வேலை

எந்த வழியில் உள்ளே போயிருந்தாலும், கடிதங்கள் வரத் தொடங்கியதும் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்கும், தேடிப் போக வேண்டிய ஆப் பாஸ்வேர்டு பக்கத்துக்கும் ஒரு முறை திரும்பிப் போங்கள். முயன்று பார்த்த நேரத்தில் எடுத்த ஆப் பாஸ்வேர்டுகளும், இப்போது பயன்படுத்தாத செயலிகளுக்குத் தந்த அனுமதிகளும் அங்கே வரிசையாக நிற்கும். தேவையில்லாதவற்றை நீக்குங்கள். இந்தக் கட்டுரைக்காக என் கணக்கைத் திறந்து பார்த்தேன். ‘அவுட்லுக்’, ‘அவுட்லுக் 2’, ‘இதுதான் சரியானது’ என்று மூன்று ஆப் பாஸ்வேர்டுகள் இருந்தன. நான்காவது, பழைய இரும்புக் கடைக்கு எடைபோட்டு விற்ற மடிக்கணினியினுடையது. விற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அது இன்னும் செல்லுபடியாகும் நிலையிலேயே இருந்தது.